காகிதத்துக்குக் காசு, எழுத்துக்குப் பொன்னாடை



மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டார்கள். வழக்கமாகச் சிந்தாமணி, சூளாமணி, மேருமந்தர புராணம் என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடுவேன். "நயினார் பேனாவை எடுத்தால் சமணம்தான்" என்று சங்கத்தில் கேலி பேசுவார்கள். இந்தத் தடவை கொஞ்சம் வேறு சங்கதி. எழுதுகிறவனுக்கும் பத்திரிகைக்காரனுக்கும் அவன் எழுத்துக்காகப் பணம் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா? இதைப்பற்றி நம் முன்னோர் என்ன நினைத்தார்கள், நாம் என்ன செய்கிறோம் என்று ஆராய்ந்து பார்க்கலாம் என்று தோன்றியது.

நான் புலவன் அல்ல. வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் பள்ளிக்கூடப் படிப்போடு நிறுத்திவிட்டு 1977-ல் பெங்களூருக்கு வந்தவன். அவென்யூ ரோட்டில் ஒரு காகிதக் கடையில் கணக்கு எழுதினேன். பிறகு சொந்தமாகக் கடை போட்டேன். படித்ததெல்லாம் கடையை மூடின பிறகு ராத்திரியில் படித்ததுதான். ஆகையால் இந்தக் கட்டுரையில் இலக்கியமும் இருக்கும், கடைக் கணக்கும் இருக்கும். இரண்டையும் கலந்ததற்குப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பெரியவர் கேட்ட கேள்வி

பதினைந்து வருஷத்துக்கு முன்னால், நான் சங்கத்தில் பொருளாளராக இருந்தபோது நடந்தது இது. நம் மலருக்குத் தொடர்ந்து எழுதிய பெரியவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். ஒரு தமிழ் நாளிதழுக்கு இந்த ஊரில் பல காலம் பகுதிநேர நிருபராகவும், பிறகு பிழை திருத்துபவராகவும் இருந்தவர். அந்த ஆண்டு தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகளைப்பற்றி எழுதிக் கொடுத்தார். நாலு தடவை பஸ் பிடித்துப் போய், கல்லில் இருப்பதையும் ரைஸ் துரை பதிப்பித்த கர்நாடகக் கல்வெட்டுத் தொகுதியில் இருப்பதையும் ஒத்துப் பார்த்து எழுதியிருந்தார். பன்னிரண்டு பக்கம். அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து.

கட்டுரையைக் கொடுத்துவிட்டு எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

"நயினார், ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளுங்க ஐயா."

"மலருக்குக் காகிதம் உங்க கடையிலேருந்துதானே வருது? அதுக்குப் பில் உண்டா?"

"உண்டுங்க. சங்கத்துக்குன்னா லாபம் வைக்காம அடக்க விலைக்குப் போடுறேன்."

"அச்சகத்துக்கு?"

"குடுக்கிறோம்."

"பைண்டிங், ஆட்டோ வாடகை, விழா அன்னிக்குச் சாப்பாடு?"

"எல்லாத்துக்கும் குடுக்கிறோம் ஐயா."

"அப்ப எழுதினவனுக்கு?"

நான் சிரித்தேன். அதுதான் நான் செய்த பிழை. "என்ன ஐயா, தமிழ்த் தொண்டுக்குக் காசு கேக்கலாமா?" என்றேன். அவரும் சிரித்தார். எழுந்து போய்விட்டார். விழா அன்று மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம்; கேடயம் கொடுத்தோம். அந்தப் பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் கடைக்காரருக்குப் பணம் கொடுத்த ரசீது என் கையெழுத்தோடு சங்கக் கோப்பில் இன்றைக்கும் இருக்கிறது.

பரிசில் பெற்றவர்கள்

நான் அவரிடம் கேட்ட கேள்விக்கு நம் பழைய நூல்களில் ஆதாரம் இருக்கிறதா என்று பிறகு தேடிப் பார்த்தேன். கிடைத்த சாட்சியெல்லாம் எனக்கு எதிராகவே இருந்தது.

பதிற்றுப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பத்தின் முடிவிலும் பதிகம் என்று ஒரு குறிப்பு உண்டு. பாடியவர் யார், பாடப்பட்ட சேரன் யார், பாடிப் பெற்ற பரிசில் என்ன என்பதை அது சொல்லும். ஆறாம் பத்தைப் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையார் அணிகலனுக்காக ஒன்பது துலாம் பொன்னும், நூறாயிரம் காணமும் பெற்றார். ஏழாம் பத்தைப் பாடிய கபிலர் நூறாயிரம் காணத்தோடு, நன்றா என்னும் குன்றின்மேல் ஏறி நின்று கண்ணுக்குத் தெரிந்த நாட்டையும் பெற்றார். பதிகங்கள் பிற்காலத்தில் சேர்ந்தவை, தொகைகள் மிகையாக இருக்கலாம் என்று அறிஞர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். மிகையாகவே எழுதினாலும், புலவர் பெயருக்குப் பக்கத்தில் தொகையை எழுதுவது அவமானம் என்று எழுதினவர் நினைக்கவில்லையே! யார், யாருக்கு, எவ்வளவு: என் கடைப் பேரேட்டில் இருக்கும் கலங்களும் இவைதான்.

இதற்கு மறுப்பாக எல்லாரும் காட்டுவது புறநானூற்றின் 208-ஆம் பாட்டு. பெருஞ்சித்திரனார் குன்றும் மலையும் கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியைப் பார்க்க வருகிறார். அவன் அவரைக் காணாமலேயே பரிசிலை மட்டும் அனுப்பிவைக்கிறான். புலவர் வாங்க மறுக்கிறார். நான் வாணிகனைப் போன்ற பரிசிலன் அல்லேன் என்கிறார். என் தரத்தை அறிந்து கொடுத்தால் தினையளவு என்றாலும் எனக்கு இனிது என்று முடிக்கிறார். மேடைகளில் இதைச் சொல்லி, "பார்த்தீர்களா, தமிழ்ப் புலவன் காசுக்கு மயங்காதவன்" என்பார்கள். கைதட்டும் கிடைக்கும்.

வாணிகன் என்ற முறையில் இந்த இடத்தில் எனக்கு ஒரு சொல் உண்டு. பாட்டை நிதானமாகப் படித்தால், பெருஞ்சித்திரனார் பரிசிலே வேண்டாம் என்று சொல்லவே இல்லை. என்னைப் பார், என் புலமையை அளந்து பார், பிறகு கொடு என்கிறார். பாராமல் கொடுத்தது தம்மை மதியாமல் கொடுத்தது என்பதுதான் அவர் கோபம். நாமோ பார்க்கிறோம், பாராட்டுகிறோம், மேடையில் ஏற்றுகிறோம், தினையளவும் கொடுப்பதில்லை. அதியமான் செய்ததில் பாதித் தப்பு இருந்தது; நாம் மிச்சப் பாதியைச் செய்கிறோம். அந்தப் புலவர் நம் விழாவுக்கு வந்திருந்தால் என்ன பாடியிருப்பார் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் வணிகர் சார்பில் சொல்லி வைக்கிறேன். சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் எந்த வணிகனும் பணம் கொடுக்க மாட்டான். பெருஞ்சித்திரனார் கேட்டதும் அதைத்தான். ஆகவே அவர் எங்களைக் கொஞ்சம் குறைத்துப் பேசிவிட்டார் என்பது என் தாழ்மையான கருத்து.

அடுத்து நன்னூல். பவணந்தி முனிவர் எங்கள் சமயத்தவர் என்பதால் சொல்லவில்லை. அவரை நூல் செய்யச் சொன்ன சீயகங்கன், நாம் இப்போது வாழ்கிற இந்தப் பகுதியோடு தொடர்புடையவன். கோலாரைத் தம் பழம்பதியாகச் சொல்லிக்கொண்ட கங்கர் குடியில் வந்தவன். நன்னூலின் பொதுப்பாயிரத்தில் யார் யாருக்குப் பாடம் சொல்லலாம் என்று ஒரு பட்டியல் வருகிறது. தன் மகன், ஆசிரியன் மகன், அரசன் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்பவன், வழிபடுபவன், சொன்னதை உடனே பற்றிக்கொள்பவன். இதில் நாலாவது ஆளைக் கவனியுங்கள். பொருள் கொடுத்துக் கற்பதை இலக்கணமே ஒப்புக்கொள்கிறது. அவனை வழிபடுபவனுக்கு முன்னாலேயே வைத்திருக்கிறது. கல்வியை விற்கக் கூடாது என்று பேசுகிறவர்கள் இந்தச் சூத்திரத்தைச் சௌகரியமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சாஸ்திர தானம்

"உங்க சமயத்திலேயே சாஸ்திர தானம்னு ஒண்ணு இருக்கே, நயினார்? அறிவை இலவசமாத்தானே குடுக்கணும்?" என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்று நாலு தானங்களை எங்கள் பெரியோர்கள் வகுத்திருக்கிறார்கள். நூலைத் தானம் செய்வது பெரும் புண்ணியம். ஆனால் அந்தத் தானத்தைச் செய்தவர் யார் என்று பார்க்க வேண்டும்.

கன்னட நாட்டில் பத்தாம் நூற்றாண்டில் அத்திமப்பே என்ற அம்மையார் இருந்தார். பொன்ன கவியின் சாந்திபுராணத்தை ஆயிரம் பிரதிகள் எழுதுவித்துத் தானம் செய்தார். அச்சு இல்லாத காலத்தில் ஆயிரம் பிரதி! எல்லாம் ஓலைச் சுவடி. ஓலையை வாரி, பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, மை பூசி, கயிறு கோத்து... ஒரு புராணத்தை ஒருவர் எழுத எத்தனை நாள் ஆகியிருக்கும்? ஆயிரத்தையும் அம்மையார் தம் கையால் எழுதியிருக்க முடியாது. எழுதியவர்களுக்குச் சோறும் துணியும் யாரோ கொடுத்திருக்க வேண்டும். எழுதுவித்தவர் தம் செல்வத்தைச் செலவு செய்தார். அதனால் தானத்தின் பெயர் அவருக்கு வந்தது. எழுதினவன் வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிவிட்டு, "நான் சாஸ்திர தானம் செய்தேன்" என்று அவர் சொல்லியிருந்தால் ஆயிரம் வருஷம் கழித்து நாம் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்போமா?

"பவணந்தி முனிவர் காசு வாங்கினாரா?" என்றும் கேட்கலாம். வாங்கியிருக்க மாட்டார், முனிவர் காசைத் தொடமாட்டார். ஒரு வேளை உணவைக் கையில் ஏந்தி உண்பவர். அந்த ஒரு வேளை உணவை இல்லறத்தார் பக்தியோடு கொடுத்தார்கள். அது அவர்கள் கடமை. முனிவருக்கு வீட்டு வாடகை கிடையாது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கிடையாது, கரண்ட் பில் கிடையாது. முனிவருக்குரிய விரதத்தைக் குடும்பஸ்தன் தலையில் வைப்பது நியாயம் ஆகாது.

உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த கதையும் இங்கே பொருந்தும். நூலில் வரும் சமண சமயக் கருத்துகளைக் கும்பகோணத்து ஜைனர்கள், குறிப்பாகச் சந்திரநாத செட்டியார், அவருக்கு அன்போடு விளக்கினார்கள். அந்த ஞானத்துக்கு அவர்கள் விலை கேட்கவில்லை. ஆனால் அச்சுக்கூடம் விலை கேட்டது. ஐயர் முன்கூட்டியே கையொப்பம் வாங்கிப் பணம் திரட்டினார். கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் அவருக்கு ஆசிரியர் வேலை இருந்தது. மாதச் சம்பளம் இருந்தது. அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் சிந்தாமணிப் பதிப்பு என்ன ஆகியிருக்கும்? தமிழ்த் தொண்டு சோற்றின் மேல்தான் நின்றது.

யாருடைய துறவு?

நம் கன்னட நண்பர்கள் பெருமையோடு சொல்லும் ஒரு வரலாறு உண்டு. டி.வி. குண்டப்பா (1887–1975) இந்த ஊரின் பெரிய பத்திரிகையாளர், கவிஞர். பசவனகுடியில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. அரசாங்கத்துக்காக அவர் செய்த எழுத்து வேலைக்கு வந்த காசோலைகளை வங்கியில் போடாமலேயே வைத்திருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1970-ல் பொதுமக்கள் ஒரு லட்ச ரூபாய் பணமுடிப்பு கொடுத்தார்கள். அதையும் தாம் நிறுவிய கோகலே பொதுவிவகார நிலையத்துக்கே கொடுத்துவிட்டார்.

இதைக் கேட்கிறபோது உடம்பு சிலிர்க்கிறது. எழுத்தாளனுக்குப் பணம் வேண்டாம் என்பதற்கு இதையே உதாரணமாகச் சொல்கிறார்கள். நான் வேறு மாதிரி படிக்கிறேன். காசோலை வந்தது, அவர் போடவில்லை. பணமுடிப்பு வந்தது, அவர் கொடுத்தார். முதலில் கொடுக்க வேண்டியவர்கள் கொடுத்தார்கள். அதனால்தான் அவரால் துறக்க முடிந்தது. வராத காசோலையை யாரால் துறக்க முடியும்?

எங்கள் சமயத்தில் உண்ணாநோன்பு மிகப் பெரிது. பருவ நாட்களில் வீட்டில் நாங்கள் இருப்பதுண்டு. நோன்பு இருக்கிறவன் தானே விரும்பி இருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தவன் இலையை நான் எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, "பாருங்கள், இவர் எவ்வளவு பெரிய விரதி!" என்று ஊருக்குச் சொன்னால் அது என்ன நியாயம்? எழுத்தாளர்களுக்கு நாம் செய்கிற மரியாதை பெரும்பாலும் இந்த வகைதான்.

நாளிதழின் எடை

இனி பத்திரிகைக்காரர் சங்கதி. இதில் கொஞ்சம் என் தொழில் கணக்கு வரும்.

பதினாறு பக்க நாளிதழ் ஒன்றை எடை போட்டால் ஏறக்குறைய 70 கிராம் வரும். காகிதம் கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே மூன்றரை ரூபாய் காகிதத்துக்கே போய்விடும். அதற்கு மேல் மை, அச்சு, லாரி வாடகை, முகவர் கமிஷன். நாம் கொடுக்கிற ஐந்து ரூபாயோ ஏழு ரூபாயோ இதற்கே பற்றாது. செய்தி சேகரித்தவனுக்கு நாம் ஒரு பைசாகூடக் கொடுப்பதில்லை. விளம்பரம் கொடுப்பவர்தான் கொடுக்கிறார். மாதக் கடைசியில் பழைய பேப்பர்க்காரனிடம் போட்டு, கொடுத்த காசில் ஒரு பங்கைத் திரும்பவும் வாங்கிவிடுகிறோம். காகிதத்துக்கு எடை இருக்கிறது, எழுத்துக்கு இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. முதல் பத்திரிகைக் குழுவின் அறிக்கை 1954-ல் வந்தது. 1955-ல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வந்தது. ஊதியக் குழுக்கள் வரிசையாக வந்தன. முதல் குழுவின் முடிவை, பத்திரிகைகளின் கொடுக்கும் சக்தியைப் பார்க்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1958-ல் தள்ளிவிட்டது. கடைசியாக வந்த மஜீதியா குழுவின் பரிந்துரையை அரசு 2011-ல் அறிவித்தது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று சொன்னது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் பழைய சட்டம் கரைந்துவிட்டது. அதே 2020-ல் பெருந்தொற்றுக் காலத்தில் பல பத்திரிகைகள் ஆட்களையும் சம்பளத்தையும் குறைத்தன.

அந்த 1955 சட்டத்தின் அளவுகோல் ஒன்று உண்டு. பத்திரிகைத் தொழிலையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்தான் அதன்படி பத்திரிகையாளர். சின்ன ஊர்களில் செய்தி அனுப்புகிற பகுதிநேர நிருபர்கள் பலர் பெட்டிக்கடை வைத்திருப்பார்கள், இன்ஷூரன்ஸ் பிடிப்பார்கள், டியூஷன் எடுப்பார்கள். எழுத்து சோறு போடாததால் வேறு தொழில் பார்க்கிறான். வேறு தொழில் பார்ப்பதால் அவன் முழுப் பத்திரிகையாளன் இல்லை என்று ஆகிவிடுகிறது. நம் பெரியவர் அப்படித்தான் இருந்தார். அச்சான செய்திக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பார்களாம். செய்தியோடு விளம்பரமும் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் உண்டாம். "நயினார், இன்னிக்கு விளம்பரம் கேக்கப் போற கடைக்காரனைப் பத்தி நாளைக்கு நான் எப்படிச் செய்தி எழுதுவேன்?" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார்.

இந்தக் கேள்விக்குள் பெரிய சங்கதி இருக்கிறது. வாசகன் கூலி கொடுக்காவிட்டால் எழுதுகிறவன் கூலியே இல்லாமல் இருந்துவிட மாட்டான்; வேறு யாராவது கொடுப்பார்கள். 2009 தேர்தலின்போது வேட்பாளர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாகப் போட்டார்கள் என்று எழுந்த புகாரை இந்தியப் பத்திரிகை மன்றம் விசாரித்தது. 2010-ல் அதன் துணைக்குழு விரிவாக அறிக்கை கொடுத்தது. செய்திக்கு விலை இல்லை என்று நாம் நினைத்தோம். விலை இருந்தது, கொடுத்த ஆள்தான் வேறு. தராசை யார் பிடிக்கிறானோ அவன் பக்கம்தான் முள் சாயும் என்பது எந்தக் கடைக்காரனுக்கும் தெரியும்.

காலம் கடந்த நிதி

பாரதியார் 1904-ல் சுதேசமித்திரனில் உதவியாசிரியராகச் சேர்ந்தவர். பத்திரிகைச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவர். 1920 வாக்கில் தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக வெளியிடத் திட்டம் போட்டு, கடன் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி போலத் தம் புத்தகங்கள் வீட்டுக்கு வீடு விற்கும் என்று நம்பினார். சரியான வியாபாரக் கணக்குதான். முதல் போட ஆள் வரவில்லை. 1921-ல் மறைந்தார். 1949-ல் சென்னை அரசாங்கம் அவர் எழுத்துகளின் உரிமையைப் பணம் கொடுத்து வாங்கியது. பிறகு எல்லாருக்கும் பொதுவாக்கியது. பணம் இருந்தது, 28 வருஷம் கழித்து வந்தது.

புதுமைப்பித்தன் 1948-ல் காசநோயால் மறைந்தபோது அவருக்கு வயது 42. இறந்த பிறகு அவர் குடும்பத்துக்காக நிதி திரட்டினார்கள். திரட்டியவர்கள் நல்லவர்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் நம் பழக்கம் இப்படித்தான் இருக்கிறது. உயிரோடு இருக்கிறவனுக்குச் சன்மானம் கொடுக்கக் கை நீளாது. இறந்தவன் குடும்பத்துக்கு நிதி கொடுக்க உடனே நீளும்.

நம் பெரியவர் விஷயத்திலும் அதுவே நடந்தது. அந்தக் கேள்வியைக் கேட்ட மூன்றாம் வருஷம் அவர் காலமானார். சங்கத்தில் ஒரே மாலையில் இருபத்தைந்தாயிரம் ரூபாய் சேர்ந்தது. நானும் செயலாளரும் அவர் வீட்டுக்குப் போய் அந்த அம்மாவிடம் கவரைக் கொடுத்தோம். அலமாரியில் பதினோரு பொன்னாடைகள் மடித்து வைத்திருந்தன. காப்பி கொடுத்தார்கள். கிளம்புகிறபோது, "கண்ணுல புரை வளர்ந்து ரெண்டு வருஷமா ஆபரேஷனைத் தள்ளிக்கிட்டே வந்தாருங்க. பூதக்கண்ணாடி வெச்சுத்தான் எழுதினாரு" என்றார்கள். குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. ஏதோ ஞாபகம் வந்ததைச் சொன்ன மாதிரிதான் சொன்னார்கள். ஆபரேஷனுக்கு அப்போது என்ன செலவாகும் என்று எனக்குத் தெரியும். என் அண்ணிக்குச் செய்திருந்தோம். பதினோரு பொன்னாடையின் விலையும் தெரியும், பொருளாளர் நான்தானே. இரண்டு தொகைக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

எதிர்க்கட்சி வாதங்கள்

ஒரு பக்கமாகவே பேசுவது ஆராய்ச்சி ஆகாது. எதிர்க்கட்சியில் வலுவான வாதங்கள் இரண்டு உண்டு.

முதலாவது, சிற்றிதழ்கள். சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை 'எழுத்து' நடத்தினார். சன்மானம் கொடுக்க வழியில்லை. புதுக்கவிதை அங்கேதான் வளர்ந்தது. காசு கொடுத்தால்தான் எழுத்து வரும் என்றால் 'எழுத்து' எப்படி வந்தது? இது நியாயமான கேள்வி. செல்லப்பா தம் கைப்பணத்தைப் போட்டார். புத்தக மூட்டையைச் சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றார். எழுதியவரும் நஷ்டப்பட்டார், நடத்தியவரும் நஷ்டப்பட்டார். எல்லாரும் சேர்ந்து இருக்கிற நோன்பு அது. நம் மலர் அப்படி இல்லை. பின்னட்டை விளம்பரத்திலிருந்து வாழ்த்துச் செய்தி வரை வசூல் உண்டு. எல்லாருக்கும் இலை போட்டுவிட்டு எழுதினவனை மட்டும் நோன்பில் உட்கார வைத்திருக்கிறோம்.

இரண்டாவது, பணம் வந்தால் எழுத்து கெடும், காசுக்காக நீட்டி எழுதுகிறவன் வருவான் என்பது. வருவான்தான். ஆனால் இலவசத்தால் கெட்டதையும் பார்க்க வேண்டும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பழமொழி. நம் மலர்களில் கட்டுரைகள் தானமாக வருவதால் யாரும் பல்லைப் பிடித்துப் பார்ப்பதில்லை. டெல்லி மலரில் வந்ததே மும்பை மலரில் வரும். பெயர் மட்டும் மாறியிருக்கும். சிலப்பதிகாரக் கதையையே பத்துப் பக்கம் சொல்லிவிட்டு ஆய்வுக் கட்டுரை என்று தலைப்புப் போடுவார்கள். மலர்க் குழு மறுக்க முடியாது. சும்மா எழுதிக் கொடுத்தவரிடம் எப்படித் திருத்தச் சொல்வது? பணம் கொடுக்கிறவனுக்குத்தான் சரக்கைத் திருப்பி அனுப்பும் உரிமை உண்டு. என் பழைய கட்டுரைகள் சிலவற்றை இன்றைக்குப் படித்தால், யாராவது திருப்பி அனுப்பியிருக்கக் கூடாதா என்று எனக்கே தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் அணுவிரதங்களில் களவு செய்யாமை என்பதற்குக் கொடாததைக் கொள்ளாமை என்று பொருள் சொல்வார்கள். இப்போது புதுப் புத்தகம் வந்த மறுவாரமே அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுகிறார்கள். "தமிழ் பரவட்டுமே" என்று எனக்கும் அனுப்புகிறார்கள். எழுத்தாளரின் ஆயுளோடு அதற்கு மேல் 60 வருஷம் உரிமை உண்டு என்கிறது பதிப்புரிமைச் சட்டம். சட்டத்தை விடுங்கள். எழுதினவர் கொடுத்தாரா? கொடுக்கவில்லை. கொடாததை நாம் கொண்டோம். வேறு பெயர் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

என் யோசனை

குறை சொல்லிவிட்டு வழி சொல்லாமல் போவது வியாபாரிக்கு அழகல்ல. சென்ற மலரின் கணக்கு என்னிடம் இருக்கிறது. 200 பக்கம், 1,000 பிரதி, 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ. ஒரு பிரதிக்கு 300 கிராம் சொச்சம். கழிவு சேர்த்து 320 கிலோ. கிலோ 90 ரூபாய் வீதம் 28,800 ரூபாய் நான் பில் போட்டேன், வாங்கிக்கொண்டேன். மலரில் 20 கட்டுரைகள். தலைக்கு 1,500 ரூபாய் என்றால் 30,000. காகிதத்துக்குக் கொடுத்த அளவையாவது அந்தக் காகிதத்தின்மேல் எழுதினவர்களுக்குக் கொடுக்கலாம் என்பதுதான் நான் கேட்பது. இதனால் யாரும் பணக்காரர் ஆகப் போவதில்லை. கல்வெட்டுப் பார்க்கப் போகிற பஸ் செலவாவது மிஞ்சும்.

சன்மானம் வேண்டாம் என்கிறவர்கள் வாங்கிக்கொண்டு சங்கத்துக்கே திருப்பிக் கொடுக்கட்டும். ரசீது போட்டுக் கொடுப்போம். அப்போது அது அவர்கள் செய்த தானமாக எழுதப்படும். வங்கி அதிகாரிகளாகவும் என்ஜினீயர்களாகவும் ஓய்வு பெற்ற நம் அன்பர்கள் பலர் அப்படிச் செய்வார்கள் என்று தெரியும். நானும் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். அது என் இஷ்டம். வாங்கக் கூச்சப்படுகிறவர்கள் நம்மில் நிறைய இருக்கிறார்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் அவர்களைவிட அதிகம். அவர்களைக் கேட்க வைக்கக் கூடாது. கட்டுரை வந்ததும் கவர் போக வேண்டும்.

மேடையில் பொன்னாடையும் இருக்கட்டும். மரியாதையை நான் குறைக்கச் சொல்லவில்லை.

வரும் பொதுக்குழுவில் வரவு செலவுத் திட்டத்தில் "கட்டுரையாளர் சன்மானம்" என்று ஒரு புதுத் தலைப்பைச் சேர்க்கத் தீர்மானம் கொண்டு வருகிறேன். முன்மொழிபவன் நான். வழிமொழிய ஒருவர் வேண்டும்.